வாசல் தாண்டாத கேரவன்

வெர்ன்,

அடுப்பில் நண்டு சூப் இருக்கிறது. சூடாக்கி, வீட்டுக்குள் வந்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "பயணத்துக்குப் பழகிக்கிறேன்" என்று வாசலில் நிற்கும் கேரவனில் நீங்கள் படுக்கப் போனதிலிருந்து அந்த மேசையில் நான் மட்டும்தான்.

மாலையில் பக்கத்து வீட்டு ஹோவர்ட் வருவார். கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஓரிகன் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் அவருக்கு மறுபடி விளக்குங்கள். நேற்று வேலியோரம் நின்று, "என்ன மார்லிஸ், உங்க கேப்டன் இன்னும் நங்கூரத்தை எடுக்கலையா?" என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

நான் பேருந்தில் யாஹாட்ஸுக்குப் போகிறேன். காடு கடல்வரைக்கும் இறங்கி வரும் அந்த ஊரில்தானே உங்கள் திட்டப்படி முதல் நாள் தங்கல்? அங்கே கேரவன்கள் நிறுத்தும் முகாமில் காத்திருப்பேன்.

சாவி கொக்கியில் தொங்குகிறது. கிளம்பும் முன் வீட்டிலிருந்து கேரவனுக்குப் போகும் மின்கம்பியைக் கழற்றுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் நீங்கள் அதைத்தான் மறப்பீர்கள்.

மார்லிஸ்

பி.கு.: கேரவனை வாங்கி வந்த அன்று, வாசலில் நிறுத்தப் பின்னால் எடுக்கும்போது நான் கையைத் தப்பாகக் காட்டியதால்தான் தபால் பெட்டி சாய்ந்தது என்று கத்தினீர்கள். நான் வலது என்றேன், நீங்கள் இடது போனீர்கள். இருக்கட்டும். யாஹாட்ஸிலும் பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கை காட்ட ஒருத்தி அங்கே நிற்பாள்.