இரண்டு பேர் கூடாரம்

மார்ச் 3, சனி

அன்புள்ள தையற்காரிக்கு,

நலம். நீ நலமென்று, சனிக்கிழமைதோறும் என்னிடம் வரும் நம் மகள் வாலு சொன்னாள். போனில் பேசினால் இரண்டாம் நிமிடமே சண்டை, எழுதினால் யோசித்துச் சண்டை போடலாம் என்றாயே, அதனால் எழுதி அவள் பையில் வைக்கிறேன்.

31ஆம் தேதி காட்டோர ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம், மூன்று பேரும். நான் லிப்ட் ரிப்பேர்காரன், பெட்டிக்குள்ளேயே மேலும் கீழும் போய் வயதாகிவிட்டது. நீயும் மிஷினை விட்டு எழுந்ததில்லை. கூடாரம் வாங்கியாச்சு. இடமும் பதிவு பண்ணியாச்சு.

எதையாவது ஒன்றை உன்னைக் கேட்டுச் செய்தால் நான் வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்றாய். கேட்கிறேன். வருகிறாயா?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

வாங்கியாச்சு, பண்ணியாச்சு, அப்புறம் வருகிறாயா. இதற்குப் பெயர் கேட்பதா? எட்டு மாதம் முன்பு என் தையல் அறையை உங்கள் சிநேகிதருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வந்து, "விட்டாச்சு" என்றீர்களே, அதே வாய்தானே இது? அன்றைக்கு உங்கள் சட்டைகளை மடித்து வாசலில் வைத்தேன். இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

ஆனாலும் வருகிறேன். வருகிறாயா என்று கேட்கவாவது தோன்றியதே, அதற்காக. மழை வந்தால் என்ன செய்வது? ராத்திரி அவசரமென்றால் எங்கே போவது? பூச்சி, பாம்பு? ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன். கூடாரத்தைக் கொடுத்தனுப்புங்கள், மொட்டை மாடியில் போட்டுப் பழகுகிறேன். ஆழம் தெரியாமல் காலை விட எனக்குத் தைரியம் கிடையாது.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 16, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

கூடாரத்தை நிறுத்த இரண்டரை மணி நேரம் ஆனது. கம்பி ஒருமுறை என் தாடையில் அடித்தது, வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். உச்சியில் ஓரிடத்தில் துணி போய் வெறும் வலைதான் இருந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் போல. நல்ல துணியாக வைத்து ஒட்டுப் போட்டுவிட்டேன்.

பிறகு உள்ளே போய் டேப் வைத்து அளந்தேன். அகலம் நாலே கால் அடி. பையின் அடியில் சீட்டும் இருக்கிறது: இரண்டு பேருக்கு. மூன்று பேரும் என்று எழுதினீர்களே, மூன்றாவது ஆள் யார்? நேராகப் பதில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 17, சனி

தையற்காரிக்கு,

அது கிழிசல் இல்லை, காற்று போகிற வழி. அதை அடைத்தால் உள்ளே படுத்தவர்கள் மூச்சுமுட்டி, விடியும்போது வேர்வையில் நனைந்து கிடப்பார்கள். நீ ஊசி போட்ட துளை ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர் இறங்கும். ஓட்டை என்று கண்ணில் பட்டால் உடனே தைத்துவிட வேண்டுமா? என்னை மட்டும் கேட்கவில்லை கேட்கவில்லை என்கிறாய். நீ கேட்டாயா? பிரித்துவிடு.

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். எனக்கும் வாலுவுக்கும் என்றுதான் வாங்கினேன். "அம்மா வரலைன்னா நானும் வரல" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் உனக்கு எழுதினேன். அதனால் என்ன? அவள் பொடிசு, நடுவில் இடுக்கிக்கொள்வாள். இதையும் பெரிதாக்காதே.

வீட்டுக்காரன்


மார்ச் 20, செவ்வாய்

உங்களுக்கு,

இதை வாலுவின் பையில் வைக்கவில்லை, தபாலில் போடுகிறேன். ஒட்டுப் போட்டது என் தப்பு. பிரித்துவிட்டேன், துளைகளில் மெழுகும் தேய்த்தாயிற்று.

பத்து வயதுப் பிள்ளை அடம் பிடித்ததால் எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அதையே என்னைக் கேட்டதாகவும் எழுதிவிட்டீர்கள். நான் திட்டி எழுதினாலும் நம்பித்தான் எழுதினேன். அலமாரியில் உங்கள் சட்டைக்கு ஒரு தட்டைக்கூடக் காலி செய்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நேற்று நானும் வாலுவும் முக்கால் மணி நேரத்தில் கூடாரத்தை நிறுத்திவிட்டோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒழுகவில்லை. கழிப்பறை எத்தனை தூரம், ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா என்று முகாம் ஆபீசில் போனில் விசாரித்தேன். அப்படியே பதிவில் இருந்த உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி என் பெயரைப் போட்டாச்சு. நானும் அவளும் போகிறோம். நீங்கள் வரவில்லை. உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன். எப்படி இருக்கிறது?

வாலுவுக்கு இது இன்னும் தெரியாது. அப்பா கூடார வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வார், கரடி வந்தால் முதலில் அவரைத்தான் மிதிக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. இந்தச் சனிக்கிழமை நீங்களே வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள். அதற்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா