ஒரு வாக்கில் நின்றுபோன அணி

இன்று லண்டன் ஆர்ச்வேயில் ரயில் ஏறிய அம்மா ஒருவர், கோயில் பிரசாதப் பையை மடியில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து சின்னத் தைலக் குப்பி ஒன்றை எடுத்துப் பிடரியில் தேய்த்தார். அந்த மணம் வந்ததும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். புதன்கிழமை ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறை முழுவதையும் அந்த மணத்தால் நிரப்பியவள் நீ. இடது கணுக்காலில் தேய்த்து, இறுக்கிக் கட்டி, சிலுவை போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குவாய். "மாதாவையும் தைலத்தையும் நம்பித்தான் என்ர கால் ஓடுது" என்பாய்.

நான் இன்று போய்க்கொண்டிருந்ததும் நம் பழைய மைதானத்துக்குத்தான். நமது பல்கலைக்கழகத்தின் பெண்கள் லாக்ரோஸ் பந்தாட்ட அணி மறுபடி பட்டியலில் முதலாவதாக வந்திருக்கிறது. மேல் பிரிவுக்குப் போவதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்று இன்று வாக்கெடுப்பு. முன்னாள் தலைவி என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே போகவேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்களைக் கைபேசியில் எழுதி வைத்திருந்தேன். தைல மணத்துக்குப் பிறகு அவற்றைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை.

முதல் ஆண்டில் நாம் இருவரும் அந்த வலை கட்டிய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரெதம் பேருந்தில் ஏறியது நினைவிருக்கிறதா? நம்மவர் ஒருவர் குனிந்து பார்த்து, "பிள்ளை, உது மீன் பிடிக்கிறதோ?" என்று கேட்டார். "ஓம் அங்கிள், தேம்ஸிலை விரால் பிடிக்கப் போறம்" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். அவர் இறங்கும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார். அணியில் தமிழ்ப் பிள்ளைகள் நாம் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு விளங்கக் கூடாததைப் பேச நமக்கென்று ஒரு மொழி இருந்தது. பெரும்பாலும் அதில் நீ என்னைத் திட்டினாய்.

நம் அணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்த வாரம் பயிற்சிக்கு வந்தவள் யாராக இருந்தாலும், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் ஒன்றிலாவது விளையாடுவாள். நீ மழையென்றும் பனியென்றும் பாராமல் பயிற்சிக்கு வந்தாய். பின்வரிசையில் நின்றாய். எதிரணிப் பிள்ளைகள் உன்னைச் சுலபமாகத் தாண்டி ஓடினார்கள். உன் பக்கம்தான் நமக்கு அதிகம் கோல் விழுந்தது. மேல் பிரிவில் அந்தப் பழக்கம் செல்லாது, நல்லவர்களை மட்டும் இறக்கினால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் தலைவியாக இருந்த ஆண்டு நாம் முதலாவதாக வந்தோம். மடித்த காகிதங்களில் வாக்கு. போகலாம் என்று ஒன்பது, வேண்டாம் என்று ஒன்பது. முடிவு என் கையில் வந்தது. நான் உன் பக்கம் பார்த்தேன். நீ கணுக்காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாய். "இருக்கும் இடத்திலேயே இருப்போம்" என்றேன். பாதிப்பேர் கைதட்டினார்கள். நீ தட்டவில்லை.

திரும்பும் பேருந்தில், நன்றி கிடைக்கும் என்ற நினைப்பில், "உனக்காகத்தான் எடி" என்று சொன்னேன்.

"என்னைக் கேட்டனியோ?"

"கேட்டா நீ எனக்காக மேல போவம் எண்டுதானே சொல்லியிருப்பாய்."

"நான் மேல போகத்தான் வோட்டுப் போட்டனான். வெளியில நிண்டு பாத்தாலும் அது என்ர டீம்தானே. நீ எல்லாருக்கும் முன்னால என்னை ஏலாதவள் ஆக்கிப்போட்டாய்."

அடுத்த தரிப்பில் இறங்கி, மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனாய். எனக்கும் கோபம் வந்தது. நல்லது செய்யப் போனால் இதுதான் பலன் என்று வீட்டில் அம்மாவிடம் புலம்பினேன். மூன்று வாரம் நாம் பேசவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை நீ ஒரு டப்பா மட்டன் ரோல்ஸைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாய். அந்தப் பேச்சை நாம் இருவரும் எடுக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் உன் இரத்தத்தில் நோய் இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ மெலிந்துகொண்டே போனாய், வாய் மட்டும் மெலியவில்லை. ஒருநாள் நான் திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சொன்னாய்: "உனக்குத் தோக்கிறதுக்குப் பயம். அதுக்கு என்ர காலைச் சாட்டினனி."

நான் திரும்பவில்லை. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன், கேட்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று. நீ சொன்னது உண்மை. மேல் பிரிவில் வாரா வாரம் தோற்ற தலைவி என்ற பெயர் எனக்கு வந்துவிடும் என்று பயந்தேன். நீ இறந்த முப்பத்தோராம் நாள் பூசையில் உன் அம்மா என் கையைப் பிடித்து, "என்ர பிள்ளைக்காண்டி டீமையே நிப்பாட்டின பிள்ளை" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இன்று மைதானத்துக்குப் போனதும் புதிய தலைவி என்னை அறிமுகப்படுத்தினாள். இருபது பிள்ளைகள் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு இந்த அணியை மேலே போகவிடாமல் தடுத்தது நான்தான் என்று தொடங்கினேன். தோழி ஒருத்திக்காக என்று அன்று சொன்னேன், அது பொய், எனக்குத்தான் தோற்கப் பயம் என்றேன். மூன்று காரணங்களும் கைபேசியிலேயே கிடந்தன.

பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். "உங்கள் தோழி எதற்கு வாக்களித்தாள்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. அன்று உன் பக்கம் திரும்பிப் பார்த்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

"மேலே போக" என்றேன்.

வாக்கெடுப்பு முடியுமுன் வெளியே வந்துவிட்டேன், முடிவு அவர்களுடையது. நான் நேரே ஸ்ட்ரெதம் பேருந்தில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் அம்மா, "வா பிள்ளை" என்று சிரித்தார். "அம்மா, நான் உங்கடை பிள்ளைக்காக ஒண்டும் நிப்பாட்டேல்லை" என்றேன், வாசலில் நின்றபடியே.