உன் முட்டியை உடைத்தவன் நம் அணிக்கு வந்தான்

லிபோவா
திங்கட்கிழமை

என் கண்ணான ஷிமோனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா ஸ்லாவ்காவும் அவள் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நீயும் ஜெம்மாவும் அங்கே பேர்த்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், அவளுடைய புது வேலை எப்படி, இன்னமும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறாளா? இந்த வருடம் நம் பிளம் மரம் கிளை தாழ்ந்து தரையைத் தொடுகிற அளவுக்குக் காய்த்தது, ஜாம் கிளறி முடிப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது, உனக்கென்று ஆறு பாட்டில் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். ஆனால் இந்தக் கோடையில் இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் நீ நடுவில் மறிப்பாய், நானும் அழுதுவிடுவேன் அல்லது சிரித்துவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சீசன் நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணி மலையாடுகள் என்ன லட்சணத்தில் ஆடினார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும், கடைசிக்கு முந்தின இடம், கீழ்ப்பிரிவில் விழாமல் தப்பித்ததே கடவுள் புண்ணியம். வசந்தம் வந்ததும் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் கூடச் சம்பளம் கிடைக்கிறதென்று செக் நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அதிலிருந்து ஊரில் வேறு பேச்சே கிடையாது. நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்க வருகிறவர்கூட மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், "த்ராஹா அக்கா, வலப்பக்கத்துக்கு யாரைப் போடுவானுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் இருமுவார். ஒரு கூட்டம் லாத்வியாவிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வரலாம் என்றது, சம்பளம் குறைவு, ஆனால் பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கறிக்கடை கெய்ஸாவுக்கு ஒரு கனடாக்காரன் மேல் ஆசை. அவன் தோளில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்லியும், "ஆணி இருந்தா என்னய்யா, கனடா ஆணி!" என்று கடையில் கறியை வெட்டிக்கொண்டே சண்டை போட்டான். நானும் என் பங்குக்குத் தினமும் வாதாடினேன், மறைப்பானேன். கோடையில் ஹாக்கி இல்லாத குறையை நாங்கள் வாயால் ஆடித் தீர்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் செய்தி வந்தது. கிளப் மேலாளர் துர்சான் பேச்சு நடத்திக்கொண்டிருப்பது ராத்கோ வலெந்தாவிடம் என்று.

அந்தப் பெயரை எழுதும்போதே பேனா நின்றுவிட்டது பார். ஏழு வருடமாக நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அரையிறுதியில் அந்த ஹ்ராடோக் அணிக்காரன் ஐஸைச் சுற்றியிருக்கிற பலகையோரம் உன் மேல் வந்து மோதினபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், உன் முட்டி போன சத்தம் எனக்குக் கேட்டது என்று நான் சொன்னால் அப்பா நம்பமாட்டார், ஆனால் கேட்டது. உனக்கு அப்போது இருபது வயது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கையை விரித்ததும் நீ ஐஸே இல்லாத ஊராகப் பார்த்துப் போய்விட்டாய். அன்றிலிருந்து நான் ஹாக்கிப் பேச்செடுத்தால் நீ அங்கே வெயில் எத்தனை டிகிரி என்று சொல்வாய், நானும் வெயிலைப் பற்றிப் பேசுவேன்.

அப்பா செய்தியைக் கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அவன் உள்ள வந்தா நான் வெளிய." பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டுச் சாப்பிடும்போது யாரோ அவரிடம் வலெந்தாவுக்குப் பரிந்து பேசினார்களாம், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். ஊர் இரண்டாகப் பிளந்தது, ஷிமோன். ஒரு பாதி அவன் வந்தால்தான் நமக்குப் பிழைப்பு என்றது, இன்னொரு பாதி உன் பெயரைச் சொல்லி வேண்டாம் என்றது. கெய்ஸா உன் பழைய பதினெட்டாம் நம்பரைப் போட்டு ஒரு பெரிய துணி தைத்து, "நாங்கள் மறக்கவில்லை" என்று எழுதி அரங்கத்து வேலியில் கட்டிவிட்டான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். முதலில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. போகப் போக அதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது, என்னவென்று அப்போது எனக்கே பிடிபடவில்லை.

தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் ரசிகர் கூட்டம் போட்டார்கள். நிற்க இடமில்லை, பீர் பீப்பாய் கூட்டம் தொடங்குவதற்குள் பாதி காலி. துர்சான் பாவம், வேர்த்து வழிய எழுந்து, "எனக்கு டிக்கெட் விக்கணும்ங்க, உங்களை எதிர்த்துக்கிட்டு ஒருத்தனைக் கொண்டாந்து என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க, கை தூக்குங்க, அதுபடி செய்றேன்" என்றார். உடனே கெய்ஸா மேசையில் அடித்து, "ஷிமோன் காலை உடைச்சவன் நம்ம சட்டையைப் போடுவானா? அந்தப் பையன் ஆத்மா நம்மளை மன்னிக்குமா?" என்றான். பின்னாலிருந்து ஒருவன், "யோவ், அப்ப வலப்பக்கத்துல உன் கறிக்கடைப் பலகையைக் கொண்டுபோய் நிறுத்து, போன வருஷம் நின்னவனை விட அது நல்லா நிக்கும்!" என்று கத்தினான். கெய்ஸா மேல்சட்டையைக் கழற்றிவிட்டான், நாலு பேர் பிடித்தார்கள். அப்போதுதான் யாரோ, "ஏன்ப்பா, பெத்தவ இங்கேயே உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்களேன்" என்றார்கள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் பேச வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, சத்தியம். ஆனால் அந்த "ஆத்மா" என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. எழுந்து நின்று சொன்னேன், "கெய்ஸா, என் புள்ள செத்துப்போகலை. உசுரோட இருக்கான். கரண்ட் வேலை பாக்குறான், வீடு வாங்கியிருக்கான், ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கிறான், பொண்டாட்டி அவன் மேல உசுரையே வச்சிருக்கா. நீங்க துணியில நம்பரைத் தச்சு வேலியில கட்டி அவனை இருபது வயசுலயே நிறுத்தி வச்சிருக்கீங்க. இங்க யாராவது அவன்கிட்ட கேட்டீங்களா? நானும் கேக்கலை. அதனால அவன் பேரைச் சொல்லி வேணும்னும் சொல்லாதீங்க, வேண்டாம்னும் சொல்லாதீங்க. அந்த வலெந்தாவை எனக்குப் பிடிக்காது, ஆயுசுக்கும் பிடிக்காது. ஆனா நம்ம வலப்பக்கம் ஓட்டைப் பானை. அதை அடைக்க இந்த விலையில அவனை விட்டா ஆள் கிடையாது. இது ஷிமோன் அம்மா பேசலை, சீசன் டிக்கெட்டுக்குக் காசு கட்டுற த்ராஹோமீரா பேசுறா." முதலில் ஒரு மூலையில் கை தூக்கினார்கள், அப்புறம் இன்னொரு மூலையில். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது, அவ்வளவுதான், ஆனால் வந்தது. கெய்ஸா கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். வெளியே வரும்போது என் முதுகு நேராக இருந்தது, ஷிமோன், பல வருடத்துக்குப் பிறகு அப்படி நடந்தேன்.

வீட்டில் வேறு கதை. அப்பா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன் சீசன் டிக்கெட்டை அலமாரிக்குள் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, "நீ போய்க்கோ" என்று மட்டும் சொல்லி விறகு பிளக்கப் போய்விட்டார். கோடை முழுக்கப் பிளந்தார். இப்போது நம்மிடம் மூன்று குளிர்காலத்துக்கு விறகு இருக்கிறது.

ஆகஸ்டில் வலெந்தா மருந்துக் கடைக்கே வந்தான். நெட்டையாக, முன்தலை வழுக்கையாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் முட்டிக்குக் கட்டும் பட்டை கேட்டான். எனக்குச் சிரிப்பதா அறைவதா தெரியவில்லை. "அத்தை, நான்தான்…" என்று ஆரம்பித்தான். "தெரியும், எந்த அளவு?" என்றேன். அளவைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றான். "அன்னைக்கு அவரை மோதித் தள்ளணும்னுதான் வந்தேன், அது பொய் இல்லை. முட்டி போகும்னு நினைக்கலை. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு மோதல் நான் மோதினதில்லை, அதனால ஹ்ராடோக்ல என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லித்தான் விட்டுட்டாங்க" என்றான். நான், "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்ல வேண்டியவன் வேற" என்றேன். உன் போன் நம்பர் கேட்டான். கொடுக்கவில்லை. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம் என்று சொல்லி அனுப்பினேன், நீ யோசித்துச் சொல். போகும்போது மட்டும் கூப்பிட்டு, "கோல் முன்னாடி எவனையும் நிக்க விடாதே, விட்டேன்னா மூணாவது வரிசையிலிருந்து என் வாய்க்குத் தப்ப மாட்டே" என்றேன். சரி அத்தை என்றான். அவனை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. மன்னிப்பது என் வேலையே இல்லை.

நேற்று மத்தியானம் முதல் ஆட்டம், சொந்த ஊரில், எதிரே யார் என்றால் அந்த ஹ்ராடோக்கேதான். அப்பா வரவில்லை. வலெந்தா பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தபோது நம் பக்கம் சாவு வீடு போல இருந்தது, கெய்ஸாவும் அவன் ஆட்களும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஹ்ராடோக்காரர்கள் வழக்கம்போல நம்மைப் பார்த்து மே, மே என்று கத்தினார்கள், அவனைப் பார்த்துத் துரோகி என்றார்கள். இரண்டு பக்கமும் வேண்டாதவனாக அவன் ஐஸில் தனியே நின்றான். முதல் பகுதியிலேயே இரண்டு கோல் வாங்கினோம், ஒன்று அவன் வழுக்கி விழுந்ததால். கெய்ஸா என்னைத் திரும்பிப் பார்த்து, "த்ராஹா, உன் மருமகன் ஆட்டத்தைப் பாத்தியா?" என்றான். இரண்டாம் பகுதியில் நம் பையன்கள் ஒன்று போட்டார்கள், இன்னொன்றும் போட்டார்கள். மூன்றாவதில் வலெந்தா நம் கோல் முன்னாலிருந்து பக் வட்டைப் பிடுங்கி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மொத்த ஐஸையும் தாண்டி நம் சின்னப் பையனின் மட்டைக்கு அனுப்பினான் பார், அவன் தனியே ஓடி உள்ளே போட்டான். மூன்றுக்கு இரண்டு!

கடைசி நிமிடத்தில் அவர்கள் கோல் காக்கிறவனையும் வெளியே எடுத்துவிட்டு, அவனுக்குப் பதில் இன்னொருவனை இறக்கி ஆறு பேராக வந்து நெருக்கினார்கள். வலெந்தாவின் மட்டை முறிந்துபோயிற்று. வெறுங்கையோடு அவன் பக்கின் குறுக்கே விழுந்தான், விலாவில் பட்டது. எழுந்தான். திரும்பவும் அடித்தார்கள், திரும்பவும் விழுந்தான், இந்த முறை முட்டியை முன்னால் கொடுத்து. எழுந்திருக்க முடியாமல் நான்கு காலில் தவழ்ந்து போய்க் கோலை மறைத்தான், மணி அடித்தது. அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். நானும் கத்தினேன், ஷிமோன். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன், வலெந்தா, வலெந்தா என்று, தொண்டை கிழிய. கெய்ஸா பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்து, கையிலிருந்த கொஃபோலா பானம் முழுவதையும் என் கோட்டில் கொட்டி, என்னைத் தூக்கிச் சுற்றி, "நம்ம ஆளுடி த்ராஹா, நம்ம ஆளு!" என்று அழுதான். கோட்டை ஊறப் போட்டிருக்கிறேன், கறை போகும் என்று தோன்றவில்லை, போகாவிட்டாலும் சரி.

இவ்வளவு பெருமையோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சமையலறையில் அப்பாவின் சத்தம், யாரிடமோ உரக்கச் சண்டை. ஆட்டம் கேட்ட ரேடியோ மேசை மேல் இருந்தது, கோடரியை அன்று தொடவே இல்லை. "இல்லடா, முதல் தடுப்பு ஜோடியில போட்டா மூச்சு வாங்கிடுவான், வயசாச்சுல்ல" என்கிறார். பிறகு கொஞ்ச நேரம் கேட்கிறார். பிறகு, "அதைத்தான்டா நானும் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்!" என்கிறார். ஆரம்பத்திலிருந்து! அவர் பேசிக்கொண்டிருந்தது யாரோடு என்று எனக்குப் புரிந்தபோது செருப்பைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நீ அங்கே தூங்காமல் விழித்திருந்து கம்ப்யூட்டரில் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாய், மூன்றாம் ஜோடியில் போட்டு அவனை வீணாக்குகிறார்கள் என்று அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறாய். உள்ளே போய்ப் போனைப் பிடுங்கியிருக்கலாம். போகவில்லை. ஏழு வருடத்து ஹாக்கியை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும் என்று வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டேன், உள்ளே அப்பா சிரிப்பது கேட்டது.

இன்று காலை அப்பா முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, பஸ்ஸை எடுப்பதற்கு முன்னாலேயே கெய்ஸாவின் கடைக்குப் போய், வலெந்தாவை எந்த ஜோடியில் போட வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறார். கெய்ஸா மடக்கிக் கேட்டதற்கு, "என் பையன் சொல்றான், போதுமா?" என்றாராம். மதியம் கடைக்கு வந்த நாலு பேர் என்னிடமே இதைச் சொன்னார்கள், ஷிமோன் இப்படிச் சொல்கிறானாமே என்று, சரியென்று இரண்டு பேர், தப்பென்று இரண்டு பேர். உன் பேரில் ஊரில் மறுபடி சண்டை, ஆனால் இந்தத் தடவை நீயே மூட்டிவிட்டது.

உன் கையும் காலும் உன் மனசும் எப்போதும் உறுதியாக இருக்கட்டும், ஜெம்மாவும் நீயும் எந்நாளும் இப்படியே சேர்ந்து நலமாக வாழுங்கள், மாதா உங்கள் வாசலைக் காக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் ஏணி ஏறாதே. உன் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது, மறக்காமல் புதுப்பித்துவிடு, ஜனவரியில் ஹ்ராடோக்கில் மறு ஆட்டம் இருக்கிறது, மூன்று டிக்கெட் வேண்டுமா நான்கா என்று துர்சான் கேட்கிறார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
த்ராஹோமீரா