சிவப்புப் பேனை வட்டம்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை இரவு.

மெல்பேர்னில் இருக்கும் தனுஷியா சின்னம்மாவுக்கு,

சுகம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். அம்மா சுகமாக இல்லை, அதற்கு நீங்களும் ஒரு காரணம். கடிதத்தை இப்படித் தொடங்குவது மரியாதை இல்லை என்று தெரியும். மரியாதையாகத் தொடங்கிய இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

என்னிடம் போன் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம்தான் என்று அப்பா அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆகவே கணித வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளை பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதி நிஹ்லாவிடம் கொடுப்பேன். அவள் வீட்டில் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவாள். ஒரு எழுத்தும் வாசிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். வாசிப்பாள். நிஹ்லா, வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு.

அப்பா முன்னறையில் இருந்து தாள் திருத்துகிறார். என் அறையில் வெளிச்சத்தைக் கண்டுவிட்டு, "பிள்ளை இண்டைக்குத்தான் படிக்குது" என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது. அவருடைய கதிரை உராயும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாளைத் திருப்பி முக்கோணம் கீறுகிறேன். இதுவரை ஆறு முக்கோணம். ஒன்றும் நேராக வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

போன வருடம் கிளினிக்கில் அம்மாவின் முட்டைகளிலிருந்து மூன்று முளையங்கள், அதாவது கருக்கள், கிடைத்தன. ஐந்தாம் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு தரம்: 4AA, 4AB, 3BC. இலக்கம் அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் பகுதிக்கு. இரண்டாவது எழுத்து சூல்வித்தகமாக, அதாவது நச்சுக்கொடியாக, போகும் வெளிச்சுற்றுக்கு. அந்த C குழந்தைக்குப் போட்டதுகூட இல்லை. இதை உங்களிடமிருந்துதான் படித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். அப்பா யாரிடமும் படிக்கவில்லை. ரியூஷன் வகுப்பில் ராகுலன் சேரான அவருக்கு A, B, C எங்கே கிடந்தாலும் அது பரீட்சைப் பெறுபேறுதான்.

அவருடைய வகுப்பை நீங்கள் பார்த்ததில்லை. காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி. புள்ளியின்படிதான் இருக்கை. A எடுப்பவர்கள் விசிறிக்குக் கீழே, B எடுப்பவர்கள் சுவரோரம், C எடுப்பவர்கள் படிக்கட்டு வாசலில், கீழே தையல் மெஷின் சத்தத்தோடு. நான் வாசலில் இருக்கிறேன். போன தவணை எனக்கு 57. பரீட்சைத் திணைக்களம் C என்பதற்குத் திறமைச் சித்தி என்று பெயர் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்.

4AA-வை முதலில் அம்மாவின் கருப்பையில் வைத்தார்கள். அது தங்கவில்லை. அன்றைக்கு அப்பா, "நல்ல பிள்ளையளும் சோதினை ஹோலுக்கை போனால் பதறுறதுதானே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். 4AB ஏழு கிழமை இருந்தது. அது போனபோது அவர் பகிடி விடவில்லை, அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

முட்டை எடுத்த பிறகு அம்மா பட்டது உங்களுக்குத் தெரியுமா? ஊசிகளால் வயிற்றில் நீர் கட்டியது. படுத்தால் மூச்சு விட முடியாது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் மூன்று தலையணையில் சாய்ந்தபடி இருந்தார். "தங்கச்சிக்குச் சொல்லாதை, அவள் அங்கை தனிய இருந்து பயப்பிடுவாள்" என்று எனக்குச் சொன்னார். இப்போது சொல்லிவிட்டேன். கொஞ்சம் பயப்படுங்கள்.

மிஞ்சியிருப்பது 3BC. அதை வைத்துப் பார்க்கலாம், வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று இல்லை என்றார் டொக்டர். அம்மாவுக்கு அதை வைக்கத்தான் விருப்பம். இனி ஊசி போட அவருக்குப் பயம், அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம். அப்பா அந்த அறிக்கையை வாங்கி, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்து, C-ஐச் சுற்றி வட்டம் போட்டார். மூலையில் "போதாது" என்று எழுதினார். கையொப்பம் மட்டும்தான் போடவில்லை. நெல்லளவுகூட இல்லாத ஒன்றின் தாளைத் திருத்திய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறகு படத்தை உங்களுக்கு அனுப்பினார், முளையங்களுக்குப் புள்ளி போடும் உங்கள் கணினிக்கு.

அவருடைய போனைச் சார்ஜில் போடப்போனபோது பார்த்தேன். அவர் அனுப்பியது படமும், "உங்கடை மெஷின் எவ்வளவு போடுது?" என்ற ஒரு கேள்வியும். நீங்கள் அனுப்பியது 2.8. அவ்வளவுதான். இரண்டு, ஒரு புள்ளி, ஒரு எட்டு. "அத்தான், எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேட்கவில்லை. "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்குக் கேள்வி கேட்பதுதானே தொழில்? சந்தையில் மீன் நிறுப்பவர்கூட எந்த மீன் என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்.

அந்த 2.8-ஐ அப்பா எங்கள் வீட்டில் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் போனைத் தூக்கிக் காட்டி, "தனுஷியான்ரை மெஷினே பெயில் எண்டிட்டுது. பத்துக்கு ரெண்டு தசம் எட்டு! இனி இதிலை கதைக்க என்ன இருக்கு? இன்னொருக்கா ஊசி போட்டு நல்ல செட் ஒண்டு எடுப்பம்" என்றார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தங்கச்சியே சொல்லிட்டாள் எண்டால் சரி" என்றார். அப்பா சொன்னதற்காக அம்மா விட்டுக்கொடுக்கவில்லை, சின்னம்மா. நீங்கள் சொன்னதாக நினைத்துத்தான்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான தினத்துக்குத் திரையில் வந்து பேசினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீல மேலங்கி போட்டிருந்தீர்கள். முளையம் வளர வளரப் படமெடுப்பது, ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குவது, எல்லாம் விளக்கினீர்கள். உங்கள் பெறாமகள் என்று நான் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நிஹ்லா எழும்பி, குறைந்த புள்ளி எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நீங்கள் சொன்ன பதிலைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "ஆரை முதல்லை வைக்கிறதெண்டு தெரியத்தான் புள்ளி போடுறம். ஆரை எறியிறதெண்டு தெரிய இல்லை. குறைஞ்ச புள்ளி எடுத்து, பிறந்து, இண்டைக்கு ஓடித்திரியிற பிள்ளையள் இருக்கினம்." எல்லோரும் கைதட்டினோம். அதிபர் உங்களுக்கு நன்றி சொல்ல மூன்று நிமிடம் எடுத்தார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. ஒன்று மட்டும் நிற்கும் இடத்தில் வரிசை ஏது? அப்படியென்றால் உங்கள் 2.8 எதற்கு? மேடையில் ஒரு சின்னம்மா, போனில் ஒரு சின்னம்மா. மேடைச் சின்னம்மாவுடன்தான் நான் கதைக்கவேண்டும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

கிளினிக்கில் ஒரு படிவம் தந்திருந்தார்கள். அதில் மூன்று பெட்டி: இன்னும் ஒரு வருடம் வைத்திருப்பது, கருப்பையில் வைப்பது, அழித்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் கை ஈரத்தோடு நின்றபோது, "இது வருசா வருசம் குடுக்கிற பேப்பர், சைன் பண்ணும்" என்று அப்பா நீட்டினார். அம்மா கையைத் துடைத்துவிட்டு, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது மூன்று பெட்டியும் வெறுமையாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை அதை உறையில் போட்டு ஒட்டி, பின்னேர வகுப்புக்குப் போகும் வழியில் கிளினிக்கில் கொடுத்துவிடு என்று அப்பா என்னிடம் தந்தார். நான் கொடுத்துவிடத்தான் போனேன். கவுண்டரில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு என்னைத் தெரியும். "நங்கி, கோ அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டார், தங்கச்சி, அம்மா எங்கே என்று. வரவில்லை என்றேன். உறையிலிருந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "அம்மாட்ட கியன்ன, பொடி எக்கெனா தாம இன்னவா" என்றார். அம்மாவிடம் சொல்லு, சின்ன ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று.

உங்களுக்குச் சிங்களம் மறந்திருக்கலாம். பொருள் இருப்பதற்கு அவர்கள் 'தியனவா' என்பார்கள், உயிர் இருப்பதற்குத்தான் 'இன்னவா'. மேசை தியனவா, ஆள் இன்னவா. அவர் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. ஆனால் நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஒரு பேப்பர் விட்டுப்போய்விட்டது, பிறகு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் நின்று உறையைக் கிழித்தேன். மூன்றாவது பெட்டியில் சரி போட்டிருந்தது. சிவப்பில்.

வீட்டுக்கு வந்து, "குடுத்தனான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். உறை மூன்று நாளாக என் விஞ்ஞானப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை கடைசி நாள். படிவம் வராவிட்டால் கிளினிக்கிலிருந்து அப்பாவுக்குத்தான் போன் எடுப்பார்கள். அப்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடிப்பார் என்று பயமில்லை. அவர் அடிப்பதில்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி நிற்கவைத்து, பொய் சொல்பவர்களின் மூளை எப்படிக் கணக்கைப் பிழைவிடும் என்று விளக்குவார். அதைவிட, புதிதாக ஒரு படிவத்தை எடுத்து அம்மாவின் ஈரக் கைக்கு முன்னால் நீட்டுவார். அம்மா மறுபடியும் கையெழுத்துப் போடுவார். பிறகு ஊசிகள் தொடங்கும். போன முறை ஆறு நாள். இந்த முறை எத்தனை?

நீயே அம்மாவிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை குசினி வாசல்வரை போனேன். அம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா, பசிக்குதோ?" என்றார். ஓம் என்றேன். 57 எடுத்தவள் 2.8-ஐப் பற்றிக் கதைத்தால் யார் கேட்பார்கள்? போன மாதம் அப்பா தன் சிநேகிதரிடம் போனில், "மூத்தது சரிவராது மச்சான், இனி வாறதெண்டாலும் பாத்துத்தான் எடுக்கவேணும்" என்றார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

ஆகவே நீங்கள்தான். சனிக்கிழமை காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அப்பாவுக்கு வகுப்பு. உங்களுக்கு அப்போது பதினொரு மணி இருக்கும், மெஷின்களுக்கும் லீவாக இருக்கும். அம்மாவின் போனுக்கு எடுங்கள். அப்பாவின் போனுக்கு வேண்டாம். அந்த 2.8-ஐ அனுப்பியிருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். நிஹ்லாவுக்குச் சொன்னதை அம்மாவுக்கும் சொல்லுங்கள். நீங்கள் கதைக்கும்போது நான் உறையைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். இம்முறை அம்மா வாசிப்பார். வாசித்த பிறகு வேண்டாம் என்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அம்மா வாசித்துவிட்டுச் சொன்ன வேண்டாமாக அது இருக்கட்டும்.

நான் உங்களுக்குப் பெறாமகள், நீங்கள் பெறாத மகள். கிளினிக்கில் இருப்பவரும் உங்களுக்குப் பெறாமகனோ பெறாமகளோதான். இப்போதைக்கு அம்மாவுக்கும் அப்படித்தான்.

அப்பா கதிரையைத் தள்ளுகிறார். ஏழாவது முக்கோணம் கீறவேண்டும்.

இன்னொன்று, சின்னம்மா. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படத்தை அம்மா உங்களுக்கு அனுப்பினாராம், நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களாம். தயவுசெய்து அதை அந்தக் கணினிக்குக் காட்டவேண்டாம். காட்டியிருந்தால், வந்த புள்ளியை அப்பாவுக்கு அனுப்பவேண்டாம்.

சனிக்கிழமை ஆறரைக்குக் காத்திருக்கும்,
உங்கள் பெறாமகள்
றஷ்மி