குசினிக்குப் போய் வந்த தீர்ப்புகள்

என் ஆசைக் கள்ளன் சபாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், நீ சொல்வதை அப்படியே நம்புகிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

இங்கே பாரிஸ் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மலருக்கு உன்னைப்பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். 'பாண்ட் அணிநடையின் நிரந்தர நடுவர், அமரர் சபாரத்தினம்' என்று தலைப்பும் அவர்களே போட்டுத் தந்தார்கள். நீலக் கோட்டோடு நீ நிற்கிற படமும் வருகிறதாம். அந்தத் தலைப்பை நான் வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினேன் என்று உனக்குத் தெரியும். மலரை வாசிக்கிற சனத்துக்குத் தெரியாது. ஆனபடியால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், கோபிக்காதே.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் மலர்க்குழு திருத்தட்டும். ஆனால் அந்த எட்டு வகுப்பில் கடைசி மூன்றும் பள்ளிக்கூட பாண்டில் சைட் டிரம் அடித்தவன். நீ பேஸ் டிரம் அடித்ததாகச் சொன்னாய். சொன்ன அன்றைக்கே எனக்குச் சந்தேகம். உன் வீட்டு மேசையில் 'டும்' என்று நீ கையால் தட்டிய நேரம் உன் வலது கால் நிலத்தில் விழுந்தது. அணிநடையில் பேஸ் டிரம் விழுகிற இடத்தில் இடது கால்தான் விழும். பாண்டில் ஒரு நாளாவது நடந்தவனுக்கு அது செத்தாலும் மாறாது. நான் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கோழிக்கறி சமைத்திருந்தீர்கள், வாயை வேறு வேலைக்கு வைத்திருந்தேன்.

அமெரிக்கப் பெடியளின் டிரம் பாண்ட் காட்சிகளை இணையத்தில் கண்டுபிடித்தவன் நீதான், அதை மறுக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை லா கூர்னெவில் உன் வீட்டுக்கு வரச்சொல்லித் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாய். உதைபந்தாட்ட மைதானம் நிறையப் பெடியன் பெட்டையள். பித்தளைக் குழலும் மேளமும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உருள்கிறார்கள், ஓடிக்கொண்டே ஊதுகிறார்கள். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு, ஆவணியில் இறுதிப் போட்டி. வெற்றி தோல்வி ஒரு புள்ளியில் சின்னத் துண்டு வித்தியாசத்தில். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூடக் காலத்தில் இல்லப் போட்டி முடிந்து ஒரு மாதம் நடுவரைத் திட்டித் திரிந்த சாதி நாங்கள்.

அந்தக் காட்சிகளுக்குக் கீழே ரசிகர்கள் போடும் சண்டையை நீ இங்கிலிசில் வாசித்து எனக்குச் சொல்வாய். பாதிப்பேர் பழைய ஆட்கள்: தொப்பியில் இறகு, நேரான வரி, ஒரே அடி, அது போதும் என்பார்கள். மற்றப் பாதிப்பேருக்கு மைதானத்தில் ஏணி வேண்டும், கண்ணாடி வேண்டும், மைக்கில் ஒருத்தி அழவேண்டும். நான் பழைய பக்கம். முந்தி கண்ணை மூடினாலும் காட்சி விளங்கியது, இப்போது காதைப் பொத்தினால்தான் விளங்குகிறது என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். ஆனால் உன் கருத்தை உடனே சொல்லமாட்டாய். ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கதவுக் காட்சி நினைவிருக்கிறதா? மைதானம் முழுக்க வெள்ளைக் கதவுகள்.

"இதென்ன சபா, பாண்டோ கதவுக்கடையோ?"

"பொறு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

குசினிக்குப் போனாய். பத்து நிமிடமாகியும் வரவில்லை. வந்தபோது கை இரண்டும் வெறுங்கை.

"தேத்தண்ணி எங்கையடா?"

"கொதிக்குது. நீ இதைக் கேள். கதவைப் பார்க்காதை, கதவுக்குக் கீழை காலைப் பார். வரி உடையிற நேரமெல்லாம் கதவு வருது. அது வடிவுக்கு வைச்ச கதவில்லை, ஒளிக்க வைச்ச கதவு."

பின்னுக்கு விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கதவு வந்து நின்ற இடத்தில் கீழே கால்கள் தேளின் வால்போல நெளிந்தன. வலது காலில் டும் போடுகிறவனுக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது?

அதற்குப் பிறகு நீ பெரிய ஆள். பழைய பக்கமும் இல்லை, புதிய பக்கமும் இல்லை, காட்சி எதை ஒளிக்கிறது என்று பார் என்பாய். எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் மரக்கறிக்கடை வாசலில் நின்று நீ விளக்கம் சொன்னால் வெண்டிக்காய் தெரிந்தெடுக்க வந்தவனும் நின்று கேட்பான். பள்ளிக்கூடக்காரர் உன்னை நடுவராகப் போட்டார்கள், பதினொரு வருசம். அங்கேயும் அதே கதை. மூன்று இல்லத்து பாண்டும் நடந்து முடிய, "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று பெண்கள் இருக்கிற கூடாரப் பக்கம் போவாய். வந்துதான் புள்ளி போடுவாய். உனக்குச் சீனி வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்து நான் உனக்காகக் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன். அந்த அர்ச்சனையைத் திருப்பித் தா.

நீ கண்மூடிய பிறகு, போன மாசியில் உன் வீட்டுக்குப் போனேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நாங்கள் பார்க்காமல் விட்ட காட்சிகளைத் தனியே பார்க்க மனம் வரவில்லை. உன் மனுசி புனிதம் கதவைத் திறந்து, இருங்கோ அண்ணை என்று சொல்லித் தேத்தண்ணி கொண்டுவந்தா. மூன்று நிமிடம். உன் வீட்டு அடுப்பில் தண்ணீர் மூன்று நிமிடத்தில் கொதிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இத்தனை வருசத்துச் சந்தேகம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பி உட்கார்ந்தது. கண்ணாடிகள் வைத்த ஒரு காட்சியைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். வேண்டுமென்றே குசினிக்குக் கேட்கிற மாதிரி, "ஆகா, என்ன நேர்த்தி, ஒரு பிழை சொல்லேலாது" என்றேன்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இராசு அண்ணை, அதைக் கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ."

விட்டேன்.

"வரி சுழலேக்கை உள்ளுக்கு நிக்கிற பிள்ளை கால் மாத்திறாள். வெளியிலை ஓடுறவள் பாவம், சனம் அவளைத்தான் பேசும். கண்ணாடியிலை எல்லாம் இரண்டாத் தெரியிறதாலை உங்களுக்குப் பிழை தெரியேல்லை."

"புனிதம், இதெல்லாம் உமக்கு எப்பிடி?"

கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றா. "நான் பள்ளிக்கூடத்திலை பாண்ட் லீடர். கோல் பிடிச்சு முன்னுக்கு நடந்தனான்."

"அப்ப சபா?"

"அவரோ? மதிலுக்கு வெளியிலை சைக்கிளிலை நிண்டு எட்டிப் பாத்தவர்."

சபா, நான் அரை மணித்தியாலம் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுததும் உண்மை. இத்தனை வருசமாக நான் யாரோடு சண்டை பிடித்தேன்? உன்னோடா, சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மனுசியோடா?

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசிக்குப் பிறகு வன்னியிலிருந்து அவவின் தம்பியின் தொலைபேசி வரவேயில்லை. அவ கதைப்பதை நிற்பாட்டிவிட்டா. சமைப்பா, கழுவுவா, ஓம் என்பா, அவ்வளவுதான். ஒருநாள் நீ இணையத்தில் எதையோ தேடும்போது இந்த மேளச்சத்தம் தவறி வந்ததாம். குசினியில் கோப்பை கழுவிய கை நின்றதை நீ கண்டிருக்கிறாய். மற்ற நாளும் போட்டாயாம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ உள்ளே வந்து, "இதிலை என்ன பிழை?" என்று கேட்டாயாம். அவ சொன்னாவாம். அது ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் நீளமான வசனமாம்.

"ஹோலுக்கு வா எண்டால் நான் வரமாட்டன். அதுதான் உங்களைக் கூப்பிட்டவர். நீங்கள் பிழையாச் சொல்லுவியள் எண்டு அவருக்குத் தெரியும். நீங்கள் பிழை சொன்னால் எனக்குப் பொறுக்காது எண்டும் தெரியும்."

அப்படியானால் நான் யாரடா? தூண்டிலில் குத்திய புழுவா?

சரி, செய்திக்கு வருகிறேன். இந்த முறை நடுவராக என்னை இருக்கச் சொல்லி பள்ளிக்கூடச் செயலாளர் கஜன் லா சப்பலில் என்னை வழிமறித்தான். மைதானத்துக்கு மெரியில், அதுதான் நகரசபையில், அனுமதி எடுத்த களைப்போடு நின்றான்.

"நான் மாட்டன். என்னிலும் திறமான ஆள் ஒண்டு இருக்கு. புனிதம்."

"ஐயா, பகிடி விடாதேங்கோ. அன்ரிக்கு பாண்டைப்பற்றி என்ன தெரியும்? அது சபா ஐயாவின்ரை இடம்."

அந்த 'சபா ஐயாவின்ரை இடம்' என்ற சொல் எனக்குக் குத்தியது. புனிதத்திடம் போய்ச் சொன்னேன். அவ முகம் கறுத்தது.

"பதினொரு வருசம் அவர் இருந்த கதிரை. இப்ப நான் போய் இருந்தால் சனம் என்ன சொல்லும்? செத்த மனுசனைக் கள்ளனாக்கச் சொல்லுறியளோ?"

"கள்ளன்தானே."

"கள்ளன்தான். அதை நான் சொல்லலாம். ஊர் சொல்லக்கூடாது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்று முறையும் மாட்டேன் என்றா. நாலாம் முறை நான் வாயே திறக்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்ப, அவவாகவே சொன்னா: "மைதானத்துக்குப் போகத்தான் எனக்கும் ஆசை. ஒரு பிள்ளையின்ரை காலைக் கிட்ட நிண்டு பாக்கோணும். கூடாரத்துக்குள்ளை இருந்து எட்டிப் பாத்துப் பாத்து என்ரை கழுத்து நொந்துபோச்சு. ஆனா ஒளிச்சு வரமாட்டன். முதல்லை நீங்கள் மலரிலை எழுதுங்கோ. அவர் நான் சொன்னதிலை ஒரு சொல்லும் மாத்தேல்லை எண்டதையும் எழுதோணும். நான் சுவரோடை நிண்டு கேட்டனான். மனுசி சொன்னதை மாத்தாமல் கொண்டுபோய்ச் சொல்லுற ஆம்பிளை லா சப்பலிலை எத்தினை பேர்?"

எழுதிவிட்டேன், வாசிக்கிறவர்கள் கணக்கெடுக்கட்டும்.

கஜன் நம்பவில்லை. அவனை லா கூர்னெவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போன வருசம் மஞ்சள் இல்லத்துக்கு ஏன் புள்ளி குறைந்தது என்று வேண்டுமென்றே கேட்டான். அந்த இல்லத்துத் தாய் தகப்பன்மார் இன்னும் அவனோடு சரியாகக் கதைப்பதில்லை.

புனிதம் யோசிக்கவேயில்லை. "முகத்துக்கு நேரை வரேக்கை திறம். முதுகைக் காட்டித் திரும்பிப் போகேக்கை, இனி ஆரும் பாக்கேல்லை எண்டு தளர்ந்திட்டினம்."

கஜன் கோப்பையை வைத்தான். "அன்ரி, இதே சொல்லைத்தான் ஐயா ஒலிபெருக்கியிலை சொன்னவர்."

"ஓம். அவருக்கு முதல் நான் சொன்னனான்."

மலரில் நடுவர் பெயர் என்னவென்று போடுவது என்று கேட்டான். திருமதி சபாரத்தினம் என்று போடவா? அவ உன் படத்தைப் பார்த்தா. "புனிதவதி எண்டு முழுசாப் போடுங்கோ. பின்னாலை சபாரத்தினம் வரட்டும். அவர் பின்னாலை வந்து பழகட்டும்."

ஆனாலும் சபா, என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. அவவைக் கதைக்க வைக்கத்தான் தொடங்கினாய், அதை நம்புகிறேன். ஆனால் ஒலிபெருக்கியைக் கையில் தந்தபோது உன் நெஞ்சு விரிந்ததை நான் கிட்ட நின்று பார்த்தவன். அவ எப்போதோ கதைக்கத் தொடங்கிவிட்டா. பிறகும் ஏன் நீயே எழும்பி நின்றாய்? ஒருமுறையாவது, இது என் மனுசி சொன்னது என்று சொல்ல வாய் வந்ததா? வந்து விழுங்கினாயா? இதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். யாரையும் கேட்டுவிட்டு வந்து சொல்லாதே.

இதுவரை எழுதியதை நேற்று அவவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிய மட்டும் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி.

"போன கிழமை சலூனிலை ஆரோ அந்தக் கண்ணாடிக் காட்சியைப்பற்றி வெளுத்து வாங்கினவையாம். உள்ளுக்கு நிக்கிற பிள்ளை, வெளியிலை ஓடுற பிள்ளை எண்டெல்லாம். கஜன் தலைமயிர் வெட்டப் போனவன், கேட்டுட்டு வந்து சொன்னவன். ஆர் அண்ணை அது?"

நான் கடிதத்தை மடிக்கத் தொடங்கினேன்.

"என்ரை மனுசனைக் கள்ளன் எண்டு எழுதுறியள். நீங்கள் ஆர்?"

என்ன செய்ய, சபா. நாலுபேர் கத்தரிக்கோலை நிற்பாட்டிவிட்டு நான் சொல்வதைக் கேட்டார்கள். அந்த ருசி பொல்லாதது. உன் நெஞ்சு ஏன் விரிந்தது என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கொஞ்சம்தான்.

ஆகவே ஊரறிய இதில் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். நாளைக்கே அந்தச் சலூனுக்குப் போவேன். வெட்ட மயிர் இல்லை, என்றாலும் போவேன். அன்றைக்குச் சொன்னது என் சொல் இல்லை, புனிதவதியின் சொல் என்று நாலுபேருக்கும் சொல்லுவேன். போட்டியன்று அவவை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் இருத்துவேன். அவ போடுகிற புள்ளி எனக்குப் பிடிக்காவிட்டால் அவவின் முகத்துக்கு நேரே சண்டை பிடிப்பேன்.

இப்படிக்கு,
உன் மனுசி அண்ணை என்று கூப்பிடுகிறபடியால் உனக்கு மச்சான் முறையாகிவிட்ட,
இராசு
லா சப்பல், பாரிஸ்