வாஷிங் மெஷினுக்குள் இருந்த படம்

மாத்தளை
வியாழக்கிழமை

மகனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கருமாதி முடியும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தாண்டிவிட்டேன். பஸ்ஸில் அப்பாவின் படம் என் மடியிலேயே வந்தது.

உன் கொழும்பு ஃப்ளாட்டை நீ விற்பதில் எனக்கு வருத்தமில்லை. பதினோராம் மாடியில் வீடு, அதற்குள்ளே இன்னொரு மாடி. அந்தப் படியில் ஏற முடியாமல்தான் அப்பா கீழே ஹாலில் படுத்துக் கிடந்தார். அங்கேயே போய்விட்டார். அங்கேதான் படம் வைத்து விளக்கேற்றினோம்.

நேற்று, எட்டாம் நாள், குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், விளக்கைக் காணோம், படத்தையும் காணோம். நீ ஊதுவத்தி வாசம் போக எலுமிச்சை ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தாய்.

"வீடு பாக்க ஆளுங்க வர்றாங்கம்மா. சாவு வீடுன்னு தெரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்கன்னு புரோக்கர் சொல்றாரு. ஒரு மணித்தியாலம் பொறுத்துக்கங்க."

வந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து மாடியைக் காட்டினாய்.

அவர்கள் போன பிறகு, என் சேலையைப் போட வாஷிங் மெஷினைத் திறந்தேன். உன் அழுக்குச் சட்டைகளுக்கு நடுவில் அப்பா, போட்ட மாலையோடு. எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கருமாதி அடுத்த வியாழன், இங்கேதான். அன்றைக்கு மொட்டை போடுவதாகச் சொல்லியிருந்தாய். வேண்டாம். காரியத்தை உன் தங்கச்சி செய்துகொள்வாள். நீ மொட்டைத் தலையோடு கதவைத் திறந்தால், உன் வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள் என்று வாங்க வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி