சட்டைப் பையில் பப்ஸ் காகிதம்

ஆவணி, ஞாயிறு இரவு.

அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் பேக்கரிக் காகிதம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, முட்டை வாசனை. கீரை விற்கச் சந்தாபுரா சந்தைக்குப் போகிறவர் அங்கே பப்ஸ் சாப்பிட்டுவிட்டு வருகிறார். விளைவதை மட்டும் சாப்பிட்டுச் சிக்கனமாக இருப்பது என்று சேர்ந்துதான் முடிவு செய்தோம். ஆனால் இருவரும் கல்லூரி வேலையை விட்டுவிட்டு இங்கே தோட்டம் போடலாம் என்றது நான். எனக்காகத்தான் சகித்துக்கொண்டிருக்கிறாரோ என்று காலை முழுக்க உறுத்தியது.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "உங்களுக்கு இங்க பிடிக்கலையா?"

"பப்ஸ்தானே தின்னேன், வேற குடித்தனமா வச்சேன்?" என்றார். "உன் ராகிக் களி நல்லாத்தான் இருக்கு. மூணு வேளையும் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாதும்மா."

சிரிப்பு வந்தது. ஆனாலும் நம்பவில்லை. சமாளிக்க அவருக்கு நன்றாக வரும்.

சாயங்காலம் வேலியோரம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பலாக்கன்று நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன்.

"ஆறேழு வருஷம் ஆகும். கொஞ்சம் தள்ளி நில்லு, மண்ணு தெறிக்குது."

தள்ளி நின்றேன். பிறகு போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன்.